வெள்ளையாக வந்த வேட்டி

சட்டைப் பையில் அந்த வெற்றுத் தாளை மடித்து வைத்தவன் நான். ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினுக்குள் அந்தச் சட்டையை நுரைக்கு அடியில் அமிழ்த்தியவனும் நான். எங்கள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாளின் மனைக் காகிதம் கூழாகிப் போய்விட்டது என்று சொல்லி, அந்தப் பழியையும் அவர் தலையிலேயே போட்டவன் நானே. எனக்கு எண்பது வயதாகிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அந்த மெஷினின் வலைப்பை மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. கையளவுதான், ஒரு காலத்தில் பச்சை நிறம். துவைக்கிற தொட்டியின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் மாட்டியிருக்கும். தண்ணீர் சுழலும்போது துணியிலிருந்து கழன்ற பிசிறும் நூலும் அதற்குள் போய்ச் சேரும். மெஷினைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. வலைப்பையைக் கழற்றி வைத்துக்கொண்டேன். இப்போது புது மெஷினுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குகிறது.

ஊரில் அவரைத் தோப்பம்மா என்பார்கள். குடவாசல் சாலையை ஒட்டி எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அதன் மேற்கு மூலையில், ஐந்து சென்ட் இடத்தில், அவருடைய கூரை வீடு. அவருடைய மாமனார் காலத்திலிருந்து எங்கள் வயல்களில் நட்டு அறுத்த குடும்பம் அது. எங்கள் வீட்டில் எல்லோரும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மகன் உட்பட, அவரை ‘வா’, ‘போ’ என்றுதான் பேசினோம். அவர் என்னை ‘ஐயா’ என்பார். இங்கே நான் ‘அவர்’ என்று எழுதுவதை அன்று யாராவது படித்திருந்தால், வேறு யாரையோ சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நான் திருவாரூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். என் மனைவிக்குச் சோப்புத் தண்ணீர் பட்டால் விரல்கள் வெடித்துப் புண்ணாகும். அதனால்தான் தஞ்சாவூரிலிருந்து மெஷின் வந்தது. ஒரு பக்கம் துவைக்கிற தொட்டி, மறு பக்கம் பிழிகிற தொட்டி. கொல்லைப்புறத்தில் தகரத்துக்குக் கீழே அதற்கென்று மேடை கட்டினோம். மேல் வேலைக்கு வந்துகொண்டிருந்த தோப்பம்மாவிடம் என் மனைவி அதை ஒப்படைத்தபோது அவர் எட்டியே நின்றார். “கரண்டு ஓடுற தொட்டிக்குள்ள கைய விடச் சொல்றீங்களே அம்மா, உங்களுக்கு வேற ஆள் பாத்தாச்சா?” என்று கேட்டது நினைவிருக்கிறது. ஒரு மாதத்தில், அந்த மெஷினை வேறு யாராவது தொட்டால் அவருக்குப் பிடிக்காது என்கிற நிலை வந்தது.

மெஷின் விஷயத்தில் நான் இன்றும் உறுதியாகச் சொல்வேன்: ஓடி ஓடிக் கெட்ட மெஷின் குறைவு. துவைத்து முடித்ததும் ஈரத்தோடு மூடிவைப்பார்களே, அதில் கெட்டவைதான் அதிகம். இதை எனக்குக் காட்டியவர் அவர்தான். வேலை முடிந்ததும் இரண்டு தொட்டிகளையும் பழைய வேட்டித் துணியால் துடைத்து, மூடிகளைத் திறந்தே வைத்துவிட்டுப் போவார். மாதம் ஒருமுறை தொட்டியின் அடியில் சுழலும் சக்கரத்தின் திருகைக் கழற்றித் தூக்குவார். அதற்குக் கீழே சோப்பும் அழுக்கும் சேர்ந்து மெழுகு போலப் படிந்திருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அதைச் சுரண்டி எடுப்பார். சம்பா அறுவடை முடிந்தால் வயல் எலிகள் வீடுகளுக்குள் நுழையும். வெதுவெதுப்பான இடம் என்று அவை தேடிவருவது மெஷினின் அடிவயிற்றைத்தான். ஒரு தை மாதம் மோட்டார் பெல்ட்டைக் கடித்துத் துண்டாக்கிவிட்டன. அதற்குப் பிறகு அவர் கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையை வெட்டிவந்து அடிப்பக்கம் முழுக்கக் கட்டினார். கம்பெனிக்காரன் செய்திருக்க வேண்டிய வேலை அது.

மேட்டூர் திறக்காத ஆண்டுகளில் நாங்கள் எல்லோரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்குப் போனோம். அந்த உப்பு, தொட்டியின் சுவரிலும் குழாயிலும் வெள்ளையாக ஏறியது. அதற்கு நான் வழி சொன்னேன். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, துணி இல்லாமல் ஓடவிட வேண்டும். அளவு மிஞ்சினால் ரப்பர் கெடும். ஒருமுறை சொன்னேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கைப்பக்குவத்தில் என்னைவிடச் சரியாகப் போட்டார். வாய்க்காலில் தண்ணீர் இல்லாத அந்த நாட்களில், மெஷினிலிருந்து வெளியேறும் கடைசி அலசல் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, அதில் தன் புடவைகளை அலசிக்கொள்வார். அவருடைய துணிகளும் மெஷினில் போகலாமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எல்லாவற்றையும்விட அவர் கண்டிப்பாக இருந்தது சட்டைப் பை விஷயத்தில். அதற்குக் காரணம் நான். ஒருமுறை, கல்லூரியின் ஊதா முத்திரை குத்திய ஒரு துண்டுச் சீட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன். அது கரைந்து, கூடவே போட்டிருந்த என் வேட்டியெல்லாம் ஊதாத் திட்டாக வந்தது. என் மனைவி அவரைப் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. மூன்று நாள் எலுமிச்சை உப்பிலும் வெயிலிலும் போட்டும் கறை முழுக்கப் போகவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பையையும் உள்வெளியாகத் திருப்பிப் பார்க்காமல் ஒரு துணியையும் அவர் தொட்டியில் போட்டதில்லை.

இனி அந்தக் காகிதம். என் அப்பா காலத்தில், கூலிக்கும் குத்தகைக்கும் கொடி கட்டிப் போராடிய ஆண்டுகளுக்குப் பிறகு, விவசாயத் தொழிலாளி குடியிருக்கிற மனை அவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. நிலக்காரர்கள் பலர் அதைத் தாலுக்கா ஆபீஸ் வரை போகவிடவில்லை. தாங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, “இது போதும், நம்ம வாக்குத்தான் பட்டா” என்று சொல்லிவிடுவார்கள். வாங்கியவரும் அதைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொள்வார். என் அப்பாவும் அப்படித்தான் செய்தார். தோப்பின் மேற்கு மூலை மனை இன்னாருக்கு உரியது, தனக்கோ தன் வாரிசுகளுக்கோ அதில் பாத்தியதை இல்லை என்று நீல மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே தோப்பம்மாவின் கணவருடைய கட்டைவிரல் ரேகை, ஊதா மையில்.

கணவர் இறந்த வருடம் தோப்பம்மா அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்தார். படித்தவர் கையில் கொடுத்தால் பட்டாவாகத் திரும்பி வரும் என்று நம்பினார். நானும் செய்வதாகச் சொல்லி வாங்கினேன். சொன்னபோது அப்படித்தான் நினைத்தேன். அடுத்த மாதம் கல்யாண மண்டபம் கட்ட இடம் தேடி ஒருவர் வந்தார். சாலையோரமாக இருந்த தோப்பம்மாவின் மூலையும் சேர்ந்து, வில்லங்கம் இல்லாமல் வந்தால்தான் தோப்பு வேண்டும் என்றார். தோப்பின் வாசலே அந்த மூலைதான். எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல விலை வந்தது, ஆசை வந்தது, வேறு காரணம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தோப்பம்மா பைகளைப் பார்த்துத் துணிகளைத் தொட்டியில் போட்டு, சோப்புத் தூளைக் கலந்து, குமிழைத் திருகிவிட்டு, தண்ணீர் மோட்டாரை நிறுத்தக் கிணற்றுப் பக்கம் போனார். நான் தயாராக வைத்திருந்த சட்டையைக் கொண்டுவந்து உள்ளே அமிழ்த்தினேன். அதன் பையில் ஒரு பழைய தாள். அதே அளவு, அதே தடிமன், அதே நான்கு மடிப்பு. இரண்டு நாள் தேடி எடுத்தது. சோதனைக்கூடத்தில் எடை பார்க்கிற கவனத்தோடு செய்தேன் என்றால் மிகையில்லை.

துவைத்து முடித்து அவர் வலைப்பையைக் கழற்றியபோது, அது குழைந்த சோறு போல வெள்ளையாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. என்ன என்று கேட்டபடி நான் போய் நின்றேன். சட்டையை எடுத்துப் பையைத் திருப்பிக் காட்டினேன். உள்ளேயும் கூழ்.

“இந்தச் சட்டைய நான் போடலீங்களே” என்றார்.

“பின்ன, அதுவா நடந்துபோய் விழுந்துச்சா? நாளைக்குத் தாலுக்கா ஆபீஸ் எடுத்துட்டுப் போகணும்னு உன் மனைக் காகிதத்த அதுலதான் வச்சிருந்தேன்.”

என் மனைவிக்கு எதுவும் தெரியாது. இறக்கும் வரை தெரியாது. உன் காகிதத்தை நீயே கரைச்சுட்டியே, அப்படி என்ன ஞாபகம் உனக்கு என்று அவள் உண்மையான வருத்தத்தோடுதான் திட்டினாள்.  தோப்பம்மா தொட்டியிலிருந்து என் வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினார். வெயிலுக்கு நேராகப் பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்து, கொடியில் போட்டார். அதிர்ச்சியில் கை பழகின வேலையைச் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டு, “சரிங்கய்யா” என்றார். நம்பிவிட்டார் என்று முடிவு செய்தேன்.

அசல் காகிதத்தை நான் கிழிக்கவில்லை. அப்பாவின் கையெழுத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. ஒரு பாடப்புத்தகத்துக்குள் வைத்து அலமாரியில் ஏற்றினேன். அப்பாவின் எழுத்துக்கு அவ்வளவு மரியாதை. அவர் எழுதிக் கொடுத்த வாக்குக்கு இல்லை.

தோப்பு கைமாறியது. ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் வந்து பேசி, தோப்பம்மாவுக்கு வாய்க்கால் கரையில் ஓரிடம் காட்டினார். எந்தக் கட்சி என்று கேட்பதில் பயனில்லை. இரண்டும் மாறி மாறி வந்தன. ஓட்டு கேட்டு வந்தார்கள், தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தார்கள், மிக்சி கிரைண்டர் கொடுத்தார்கள். புறம்போக்கு வீட்டுக்குப் பட்டா மட்டும் யாரும் கொடுக்கவில்லை. தோப்பு இருந்த இடத்தில் மண்டபம் எழும்பியது. அவர் பெயர் மட்டும் தோப்பம்மாவாகவே நின்றது.

அவர் எங்கள் வீட்டு வேலையை விடவில்லை. ஒரே ஒரு வழக்கம் புதிதாகச் சேர்ந்தது. துணி போடுவதற்கு முன் என்னைக் கூப்பிடுவார். என் சட்டையின் பையை வெளியே இழுத்து, காலியான துணியை எனக்கு நேரே பிடித்து, “பாத்துக்குங்கய்யா” என்பார். நான் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் சட்டை தொட்டிக்குள் போகும். வாரம் இரண்டு முறை. என் மனைவி போன பிறகும், பழைய மெஷின் போய், மகன் வாங்கித் தந்த முன்பக்கக் கதவு மெஷின் வந்த பிறகும், இருபது வருடம். மறுபடி பழி வந்துவிடும் என்று பயப்படுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன், மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வாய்க்கால்களைத் தூர்வார வந்தார்கள். கரையில் இருந்த வீடுகளுக்கு ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். தோப்பம்மா அதைக் கிழியாமல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். மறுபடியும் ஒரு காகிதம், மறுபடியும் என் கை. கண்ணாடி உள்ளே இருந்தது. அதை எடுத்துவரத் திரும்பினேன். என்னை அறியாமல் நோட்டீஸ் சட்டைப் பைப் பக்கம் போயிருக்க வேண்டும்.

“கையிலயே வச்சுக்கிட்டுப் படிங்கய்யா. பாக்கெட்ல போட்டுறாதீங்க.”

குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. உப்பு போதுமா என்று கேட்பது போல இருந்தது. நோட்டீஸைக் கையிலேயே பிடித்தபடி போய்க் கண்ணாடியை எடுத்துவந்தேன். நோட்டீஸைப் படித்தேன். பதினைந்து நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றிருந்தது. படித்துச் சொல்லிவிட்டு உள்ளே போய், அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை இறக்கி, நான்காக மடித்த தாளை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். சொல்வதற்கு நான்கு வாக்கியங்கள்கூட ஆகவில்லை.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்தை அவர் பார்க்கவும் இல்லை. கீழே இருந்த ஊதா ரேகைமேல் தன் கட்டைவிரலை வைத்துக்கொண்டிருந்தார்.

“மை அப்படியே இருக்கு” என்றார். பிறகு, “அன்னைக்கு உங்க வேட்டி வெள்ளையா வந்துச்சுங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாளின் அளவைப் பார்த்தேன், தடிமனைப் பார்த்தேன், மடிப்பைப் பார்த்தேன். மையை மறந்துவிட்டேன். முப்பது வருடம் சாயங்களும் கறைகளும் பற்றி வகுப்பெடுத்தவன், ஒரு முத்திரைச் சீட்டு வேட்டியை என்ன செய்யும் என்று என் வீட்டிலேயே பார்த்தவன். நீல மையும் ஊதா மையும் சேர்ந்து கரைந்த தண்ணீரில் வெள்ளை வேட்டி வெள்ளையாக வராது என்பதை, பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மாள் அன்று வெயிலில் பிடித்துப் பார்த்த அந்த நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“யார்கிட்டங்க சொல்ல? தாலுக்கா ஆபீஸ்லயா? அங்க உங்ககிட்ட படிச்ச புள்ளைங்கதானே உக்காந்திருக்கு. வாரா வாரம் பாக்கெட்டத் திருப்பி உங்ககிட்டதான் காட்டுனேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

மன்னித்துவிடும்படி கேட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ‘நீங்க’ என்று சொல்லிக் கேட்டேன். அவர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“மன்னிப்புல நான் போய்க் குடியிருக்க முடியுமாங்க? பதினஞ்சு நாள்ல எனக்கு எடம் வேணும்.”

தோப்பைத் திருப்பித் தர வழியில்லை. அங்கே மண்டபம் நிற்கிறது. என் வீட்டுக்குக் கிழக்கே, சுற்றுச்சுவரை ஒட்டி எனக்கு இடம் இருந்தது. அதில் ஐந்து சென்ட் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னேன். சென்னையிலிருந்து என் மகன் போனில் பேசினான். வேறு எங்காவது வாங்கிக் கொடுங்கள், நம் சுவரை ஒட்டியா என்றான். சுவரை ஒட்டித்தான் என்றேன். அவன் எதைச் சொல்லாமல் விட்டான் என்று எனக்குத் தெரியும். அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்த வீடு என்னுடையது.

பத்திரம் எழுதுபவரும் என்னிடம் படித்தவர்தான். வழக்கமான வாசகத்தை எழுதி எங்களுக்குப் படித்துக் காட்டினார். ‘தங்கள் மேல் எனக்குள்ள அன்பினாலும் அபிமானத்தாலும் தானமாக’ என்று வந்தபோது தோப்பம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“தானம் வாங்க நான் வரலீங்க. எங்க எடத்துக்கு எடம். அப்படி எழுதச் சொல்லுங்க.”

எழுதுபவர் தயங்கினார். “சார், காரணத்தோட எழுதினா வில்லங்கம் போட்டுப் பாக்குற எவனும் படிப்பான். உங்க பேரு நிரந்தரமா அதுல நிக்கும்.”

“படிக்கட்டும். எழுதுப்பா” என்றேன். நானே வாசகம் சொன்னேன். அவருடைய மனைக் காகிதத்தை நான் மறைத்து வைத்ததால் அவர் இழந்த மனைக்கு ஈடாக, என்று அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. நான் எழுதியவற்றிலேயே திருத்தம் தேவைப்படாத வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

செய்தி பரவப் பத்து நாள்கூட ஆகவில்லை. உறவில் சிலர் என் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். தவறு செய்ததற்காக நிறுத்தியவர்கள் குறைவு, அதை ஊரறியச் சொன்னதற்காக நிறுத்தியவர்களே அதிகம். மகன் அந்தப் பொங்கலுக்கு வரவில்லை. அடுத்த பொங்கலுக்கு வந்தான், சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் போனான். தோப்பம்மா முதலில் கொட்டகை போட்டார், பிறகு அரசாங்க வீட்டுத் திட்டத்தில் தளம் போட்டார். திருவாரூர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் அவருடைய மகள் அவருக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கி வைத்திருக்கிறாள். தன் புடவைகளை இப்போது அதில் போடுகிறார். துவைத்து முடித்தால் கதவைத் திறந்தே வைக்கிறார் என்பது என் பக்கத்திலிருந்தே தெரியும்.

குடிவந்த அன்று எங்கள் கொல்லைக் கதவின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். நாளையிலிருந்து வேலைக்கு வரவில்லை என்றார். நான் ஏதோ முணுமுணுத்திருக்க வேண்டும். “பக்கத்து வீட்டுத் துணிய யாராச்சும் துவைப்பாங்களா சார்?” என்றார். ‘ஐயா’ போய் ‘சார்’ வந்தது அன்றுதான். ஊரில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இப்போது என் மெஷினை நானே ஓட்டுகிறேன், நானே சுத்தம் செய்கிறேன். கதவு ரப்பரின் மடிப்பை விரித்துத் துடைக்கிறேன், மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்புப் போட்டு வெந்நீரில் ஓடவிடுகிறேன். அறுவடை முடிந்ததும் அடியில் வலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒருநாள் தண்ணீர் வெளியேறாமல் உள்ளேயே நின்றது. சுவர் ஓரம் போய்க் குரல் கொடுத்தேன். அவர் இந்தப் பக்கம் வரவில்லை. அங்கிருந்தே சொன்னார்: “முன்னாடி கீழ ஒரு மூடி இருக்கும் பாருங்க சார். திருகுறதுக்கு முன்ன தட்டு ஒண்ணு வைங்க, தண்ணி கொட்டும்.” கொட்டியது. உள்ளே என் மாத்திரை அட்டை ஒன்று சுருண்டு கிடந்தது.

என்ன இருந்தது என்று கேட்டார். சொன்னேன். 

அதிலிருந்து வாரம் இரண்டு முறை, என் வீட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வருகிறது: “பாக்கெட்டப் பாத்தாச்சா சார்?” மெஷின் கதவை மூடுவதற்கு முன் நான் சட்டைப் பையை வெளியே இழுக்கிறேன். வலைப்பை தொங்கும் ஆணியைத் தாண்டிச் சுவரோரம் போய், உள்வெளியாகத் திருப்பிய பையை அவர் பார்க்கும்படி சுவருக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறேன். சில நாள் “ம்” என்கிறார். சில நாள் ஒன்றும் சொல்வதில்லை. அவர் பார்த்து முடிக்கும் வரை நான் கையை இறக்குவதில்லை.